சுடுதண்ணீர் இருக்கிறது

ப்ரூயிட் பண்ணை கேம்ப்
வட கரோலினா
ஜூலை 6, 1997

லூலாவுக்கு, உன் அப்பன் நாபோர் வாயால் சொல்ல, கடைக்கார நின்ஃபா கையால் எழுதுவது.

உன் விடுதிக்கு நின்ஃபாவின் கடையிலிருந்து போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்ததுதான் மிச்சம். எவளோ ஒருத்தி எடுக்கிறாள், ஏதோ சொல்லி வைத்துவிடுகிறாள். "வெளிய போயிருக்காளாம், மாமா," என்கிறாள் நின்ஃபா. ஞாயிற்றுக்கிழமை காலையிலுமா வெளியே போவாய்? அதனால்தான் காகிதம். என் வாயில் வருவதை அப்படியே எழுது, அழகுபடுத்தாதே என்று இவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "அழகுபடுத்த இதுல என்ன இருக்கு?" என்கிறாள். அதையும் எழுதிவிட்டாள் பார்.

உன் வகுப்புக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. நானாகவா வந்தேன்? நீதானே கூப்பிட்டாய். "வயக்காட்டு வேலைல வர்ற நோவு என்னென்ன, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நர்ஸுங்களுக்குச் சொல்லிக் குடுக்கறாங்க அப்பா. நிஜமான தொழிலாளிகிட்டக் கேள்வி கேட்டுப் பழகணும். நீங்க வாங்க," என்றாய். இதில் தேறினால் நம் பகுதிக்கு வரப்போகிற மருத்துவ வண்டியில் உனக்குத்தான் வேலை என்றும் சொன்னாய். அதற்காக வந்தேன்.

எப்படி வந்தேன் தெரியுமா? முதல் நாள் வயலிலிருந்து வந்து, கைச்சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்து, தக்காளிக் காய்களைப் பிழிந்து கையில் தேய்த்தேன். புகையிலைப் பிசின் அதற்குத்தான் கொஞ்சம் இளகும். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை. நின்ஃபாவிடம் ப்ளீச் வாங்கி அதிலும் கையை ஊற வைத்தேன். உன் அம்மா எவெலியாவின் அடக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டேன். என்னோடு இலை ஒடிக்கிற பையன் ஃபிதென்சியோ தன் சென்ட் பாட்டிலைக் கொண்டுவந்து கழுத்தில் அடித்துவிட்டு, "மாமா, பொண்ணு பாக்கவா போறீங்க?" என்றான். கேம்ப்பே சிரித்தது.

அங்கே எல்லாரும் வெள்ளைச் சீருடை. உன் டீச்சரம்மா ஹாலோவெல் இங்கிலீஷில் கேட்க, நீ அதை நம் ஸ்பானிஷ் பேச்சில் சொல்ல, நான் பதில் சொல்ல, நீ திருப்பி அவர்களுக்குச் சொன்னாய். தலைசுற்றல் வருமா? எப்போதாவது. வாந்தி? புதிதாக வருகிறவர்களுக்கு வரும். வேலை முடிந்ததும் கழுவிக்கொள்ளக் கேம்ப்பில் சுடுதண்ணீர் இருக்கிறதா? இருக்கிறது. இவ்வளவுதான் நான் சொன்னது. அந்தக் கடைசிக் கேள்வியில் நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் என் தொப்பியைப் பார்த்தேன். பிறகு இங்கிலீஷில் சின்னதாக ஏதோ சொன்னாய். அவர்கள் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

நான் கிளம்பும்போது நீ கேட்வரை வரவில்லை. நின்ஃபாவின் புருஷன் வண்டியில் ஏறுமுன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

தப்பு என்னவென்று எழுது. கீழே இருப்பது என் பெருவிரல்.

•

ஜூலை 11, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

தயவுசெய்து இதைக் கடையில் ஆள் இருக்கும்போது படிக்கச் சொல்லாதீர்கள். நின்ஃபா அக்கா, நீங்கள் மட்டும் இருக்கும்போது அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள்.

என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். சுடுதண்ணீர் இருக்கிறது என்று சொன்னதுதான். கேம்ப்பில் எங்கே இருக்கிறது சுடுதண்ணீர்? நான் அங்கேதான் வளர்ந்தேன். பின்புறம் வரிசையாக நிற்கும் குழாய்களில் என்றைக்காவது சூடாக ஒரு சொட்டு வந்ததுண்டா? நீங்கள் சொன்னீர்கள், நான் அதை இங்கிலீஷாக்கினேன்.

அது எங்கே போய் முடிந்தது என்று தெரியுமா? எங்களுக்கு ஒரே ஒரு மருத்துவ வண்டி. அறுவடை முடியும்வரை சில கேம்ப்களுக்குத்தான் அது மாலையில் போகும். எந்தெந்தக் கேம்ப் என்பதை, வந்து பேசிய தொழிலாளிகள் சொன்னதை வைத்து முடிவு செய்தார்கள். சுகாதாரம் சரியில்லாத இடங்கள் முதலில். வண்டி போகிற இடங்களில் முதலாளிக்கு எழுதிச் சுடுதண்ணீர் போடச் சொல்வதும் அவர்கள்தான். கரும்பலகையில் ப்ரூயிட் பண்ணை என்று எழுதியிருந்ததை என் கண் முன்னால் டீச்சர் அடித்தார். "இங்கே கழுவ வசதி இருக்கிறது," என்று பக்கத்தில் எழுதினார்.

போன வாரம் ஒன்று செய்து காட்டினார்கள். ஒரு வெள்ளைப் பொடியைத் தண்ணீரில் கரைத்துச் செடிகள்மேல் தெளித்தார்கள். காய்ந்தபின் பார்த்தால் கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை. எங்களைப் போய் இலை ஒடிக்கச் சொன்னார்கள். பிறகு அறையை இருட்டாக்கி ஓர் ஊதா விளக்கைப் போட்டார்கள். பொடி ஒட்டிய கை, முழங்கை, கழுத்தெல்லாம் மின்னியது. ஒருத்திக்கு உதட்டில். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நீங்கள் வயலிலிருந்து வரும்போது ஓடிவந்து உங்கள் சட்டையில் முகத்தைப் புதைப்பேனே, அதுதான் ஞாபகம் வந்தது. அந்த விளக்கு அன்றைக்கு இருந்திருந்தால் நான் எப்படி மின்னியிருப்பேன்!

புகையிலையில் இருக்கிற நஞ்சு ஈரத்தோடு சேர்ந்து தோல் வழியாகவே உள்ளே போகிறது. பனியிலோ மழையிலோ நனைந்த இலை என்றால் இன்னும் மோசம். நனைந்த சட்டையை உடனே கழற்ற வேண்டும். வயலை விட்டு வந்ததும் உடம்பைக் கழுவ வேண்டும், சுடுதண்ணீரோ பச்சைத்தண்ணீரோ. உடம்புச் சூடு ஆறும்வரை தண்ணீரில் கை வைக்காதே, வாதம் வந்துவிடும் என்று நீங்கள் எல்லாரையும் பிடித்து உட்கார வைக்கிறீர்களே, அதை மட்டும் இனிமேல் செய்யாதீர்கள். இதைத்தான் நான் இங்கே படிக்கிறேன். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் கேட்பார்கள்.

இன்னொன்று. காகிதத்தில் பிசின் கையால் பெருவிரல் வைக்க வேண்டாம். அறை முழுக்க வாடை.

லூலா

•

ஜூலை 20, 1997

லூலாவுக்கு, அப்பன் சொல்லி நின்ஃபா எழுதுவது.

தனியாகப் படிக்கச் சொல்லி முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். உன் எழுத்தைப் பார்த்த சந்தோஷத்தில் நான் அங்கேயே, ரொட்டிக்கு நின்ற வரிசையிலேயே உறையைக் கிழித்துக் கொடுத்துவிட்டேன். நின்ஃபாவின் குரல் உனக்குத் தெரியும். அந்த வரியைப் படித்துவிட்டு, "அய்யய்யோ," என்று நிறுத்தினாள். நான்தான், "பரவால்ல, நம்ம பசங்கதானே, படி," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சுடுதண்ணீர் என்று அவள் படித்ததும் ஃபிதென்சியோ ஆரம்பித்தான்.

"மாமா, நம்ம கேம்ப்ல சுடுதண்ணியாமே? எந்தப் பக்கம் வருது?"

"மாமாவுக்கு மட்டும் தனிக் குழாயாம்டா."

"அதான் வண்டி வரல. மாமா ஓட்டல் நடத்துறாருன்னு நெனச்சுட்டாங்க."

சிரித்தார்கள். கொஞ்ச நேரம்தான். பிறகு யாரும் சிரிக்கவில்லை. அது அதைவிட மோசமாக இருந்தது. ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்கிறாயா? நீ மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு டீச்சர் உன்னை ஜன்னலோரம் தனி நாற்காலியில் உட்கார வைத்தாள், உன் மேல் வாடை வருகிறது என்று. நீ என்னிடம் சொல்லவில்லை. உன் அம்மாவிடம் சொன்னாய். நான் பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்தீர்கள். மறுநாளிலிருந்து அவள் பன்றிக்கொழுப்பு டின்னில் தண்ணீர் காய்ச்சி உன்னைத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பாட்டினாள். நீ, "எரியுது, எரியுது," என்று கத்துவாய். நீ பள்ளிக்குப் போட்டுப்போனது பச்சை நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட உடுப்பு. அந்த நாற்காலியை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அது எப்படி இருக்கும் என்று என்னால் சொல்ல முடியும்.

உன் வகுப்பில் முதல் வரிசையில் மஞ்சள் முடிக்காரி ஒருத்தி இருந்தாளே, சுடுதண்ணீர் உண்டா என்று கேட்டதும் அவள் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு உன்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொன்னால், நீ எப்படிக் குளித்து வளர்ந்தாய் என்று அவள் மனதில் போட்டுப் பார்ப்பாள் என்று தோன்றியது. வாய் தானாக, "இருக்கு," என்றது.

ஆனால் நான் அவ்வளவு கவலைப்பட்டிருக்க வேண்டியதில்லை. நீ அவர்களிடம் என்னை உன் அப்பா என்றா சொன்னாய்? "இவர் இந்தப் பகுதித் தொழிலாளி ஒருவர்," என்றாய். அந்த இரண்டு மூன்று வார்த்தை இங்கிலீஷ் எனக்கும் தெரியும். அங்கே அப்படித்தான் வழக்கம்போல என்று திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கழுவுகிற விஷயத்தில் நான் மாறமாட்டேன். என் சித்தப்பா ஹிலாரியோ கரும்பு வெட்டிய சூட்டோடு ஆற்றில் இறங்கினார். அதற்குப்பின் அவர் விரல் விரியவே இல்லை. அவருக்குச் சோற்றை நான் ஊட்டியிருக்கிறேன். கை போனால் எங்களுக்கு என்ன இருக்கிறது? விளக்கு எதை வேண்டுமானாலும் காட்டட்டும்.

பெருவிரல் வைக்கவில்லை, நீ சொன்னபடி.

•

ஆகஸ்ட் 3, 1997

லூலா,

நீ பதில் போடவில்லை. இருந்தாலும் எழுதச் சொல்கிறேன். நின்ஃபா அழுதுகொண்டே எழுதுகிறாள், காகிதம் நனைந்திருந்தால் அதுதான்.

ஃபிதென்சியோ ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை காலை நல்ல மழை. மழை விட்டதும் முதலாளி ப்ரூயிட் இலை ஒடிக்கச் சொன்னார். எல்லாரும் கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டுதான் இறங்கினோம். ஃபிதென்சியோவின் பை தோளில் கிழிந்திருந்தது. ஒடித்த இலையை அக்குளில் இடுக்கிக்கொண்டே போக வேண்டும், உனக்குத் தெரியும். மத்தியானமே வாந்தி எடுத்தான். நாங்கள் பால் கொடுத்தோம். "ஒண்ணுமில்ல மாமா, நேத்து கறி கெட்டுப்போச்சு," என்றான். வரிசை முடியும்வரை ஒடித்தான்.

சாயங்காலம் கேம்ப்புக்கு வந்ததும் நேராகக் குழாயடிக்குப் போனான். "உடம்பெல்லாம் எரியுது மாமா, தண்ணிக்குள்ள நிக்கணும்போல இருக்கு," என்றான். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "சூட்டோட பச்சத்தண்ணில போய் நிப்பியாடா? கை கால் வெளங்காமப் போயிரும்," என்றேன். அவன் கேட்டான். எப்போதும் கிண்டல் செய்கிறவன்தான், ஆனால் நான் சொன்னால் கேட்பான். படியில் உட்கார வைத்தேன். நடுங்கினான். நான் என் கம்பளியைக் கொண்டுவந்து, நனைந்த சட்டைக்கு மேலேயே சுற்றிவிட்டேன். இறுக்கிச் சுற்றினேன், லூலா.

அப்புறம் அவன் பேச்சு குழறியது. மூச்சு விட முடியவில்லை. நின்ஃபாவின் புருஷன் வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். என்ன தொட்டான், என்ன சாப்பிட்டான் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். எங்களில் யாருக்குச் சொல்லத் தெரியும்? குடித்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்களாம். அவன் குடிப்பதே இல்லை.

அங்கேயும் நனைந்த சட்டையோடுதான் ரொம்ப நேரம் கிடந்தான் என்று சொன்னார்கள். என் கம்பளியும் கூடவே.

வா. முடியாவிட்டால் அந்த வண்டியையாவது அனுப்பு. எனக்கு வேறு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

•

ஆகஸ்ட் 7, 1997

அப்பா,

ஃபிதென்சியோவைப் பார்த்துவிட்டு வந்தேன். பிழைத்துவிட்டார். முதலில் இதை நின்ஃபா அக்கா எல்லாருக்கும் சத்தமாகவே படிக்கட்டும். அவருக்கு வந்தது புகையிலை நஞ்சு என்று மருத்துவரிடம் நானே சொன்னேன். எழுதியிருந்ததை மாற்றிவிட்டார்கள். இந்தப் பருவம் முழுக்க வேலை செய்ய முடியாது. என்னைப் பார்த்ததும், "மாமா பொண்ணா நீ? மாமாகிட்டச் சொல்லு, கம்பளி நல்லாத் துவச்சுத் தர்றேன்னு," என்றார். உங்கள்மேல் கோபமே இல்லை அவருக்கு. இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

மீதியைத் தனியாகப் படித்துக் காட்டுங்கள் அக்கா. இந்தத் தடவையாவது.

அப்பா, பொய் உங்களுடையது மட்டுமில்லை. நீங்கள் இருக்கிறது என்றபோது அது பொய் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர்களிடம் சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அங்கே வளர்ந்தேன் என்று சொல்ல வேண்டும். தொழிலாளி ஒருவர் என்று சொன்னது வழக்கம் இல்லை. உங்கள் மகள் என்று அவர்களுக்குத் தெரியக் கூடாது என்றுதான் சொன்னேன். நீங்கள் அவ்வளவு சுத்தமாக, சென்ட் போட்டுக்கொண்டு வந்து நின்றபோதுகூட.

இன்னும் ஒன்று இருக்கிறது. உங்கள் முதல் கடிதத்தில் பெருவிரல் வைத்திருந்தீர்களே, கறுப்பாக, பிசினோடு. என் அறைத்தோழி அதைப் பார்த்து, "இது என்ன அழுக்கு?" என்றாள். எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன். அவள் போனதும் கத்தரிக்கோலால் அந்த மூலையை வெட்டிக் குப்பையில் போட்டேன். பிறகு போய்த் தேடினேன். குப்பை எடுத்துவிட்டிருந்தார்கள்.

டீச்சர் அறை வாசல்வரை போவேன், திரும்பிவிடுவேன். முதல் வகுப்பிலேயே அவர் சொன்னார்: நோயாளி சொல்வது தவறு என்று தெரிந்தும் பேசாமல் இருக்கிற நர்ஸ், வண்டியில் ஏறவே கூடாது என்று. அந்த வேலைக்காகத்தான் நாம் இரண்டு பேரும் இவ்வளவும் செய்தோம்.

வருகிற வியாழக்கிழமை மாலை வண்டி போகும் இடங்களை மறுபடி முடிவு செய்கிறார்கள். நான் சொல்லிவிடப் போகிறேன். நான் மட்டும் சொன்னால், வந்த தொழிலாளி வேறு மாதிரி சொன்னாரே என்பார்கள். நீங்கள் வந்தால்தான் அது நிற்கும். வந்தால் ப்ரூயிட் சும்மா இருக்க மாட்டார், கேம்ப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவர் உங்களிடம் கொடுத்திருக்கும் சாவியும் போகலாம். அதனால் வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வருவதானால் குளித்துவிட்டு வர வேண்டாம். வயலிலிருந்து நேராக வாருங்கள்.

லூலா

•

ஆகஸ்ட் 15, 1997

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று உங்களோடு நிறையப் பேச முடியவில்லை. நான் இங்கிலீஷில் பேசியதெல்லாம் உங்களுக்குப் புரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

வாசலில் காவலாளி உங்களை நிறுத்தினாரே. குப்பைப் பையைக்கூடக் கழற்றாமல் நின்றீர்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டது உங்களுக்குப் புரியவில்லை. நான் மாடியிலிருந்து ஓடிவந்து அவரிடம் சொன்னது, "என் அப்பா. என்னைப் பார்க்க வந்திருக்கிறார்," என்பது. அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. பதிவேட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விட்டுவிட்டார். இவ்வளவு சுலபமாக முடிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அதுதான் ரொம்ப வெட்கமாக இருந்தது.

வகுப்பில் நான் சொன்னது இது: இவர் என் அப்பா. அந்தக் கேம்ப்பில் நான் ஆறு வயதிலிருந்து வளர்ந்தேன். அங்கே சுடுதண்ணீர் கிடையாது, என்றைக்கும் இருந்ததில்லை. அது தெரிந்தே நான் பொய்யை மொழிபெயர்த்தேன். அதனால் ஓர் ஆள் சாகக் கிடந்தார். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, சொந்த அப்பாவுக்கு மகள் மொழிபெயர்க்கக் கூடாது என்று சொல்லி என்னை வெளியே போகச் சொன்னார். கீழே வேலை செய்யும், நம் ஸ்பானிஷ் தெரிந்த போர்ட்டோ ரிக்கோக்காரரைக் கூப்பிட்டனுப்பினார்.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மஞ்சள் முடிப் பெண் உங்கள் கையைப் பிடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும்கூட. அதற்குப்பின் நீங்கள் ரொம்ப நேரம் பேசினீர்கள். யாரும் எழுதவில்லை. அவர்கள் ஏன் சிரித்தார்கள், நீங்கள் என்ன சொன்னீர்கள் அப்பா? கேட்டால் யாரும் எனக்குச் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

முடிவு இதுதான். செவ்வாய்க்கிழமை முதல் வண்டி உங்கள் கேம்ப்புக்கு வரும். சுடுதண்ணீர் போடச் சொல்லி ப்ரூயிட்டுக்குக் கடிதம் போய்விட்டது. எனக்கு இந்த வருஷம் சான்றிதழ் இல்லை. வசந்தத்தில் முதலிலிருந்து படிக்க வேண்டும். நம் பகுதி வண்டி வேலை அந்த மஞ்சள் முடிப் பெண்ணுக்கு, அவள் பெயர் மெரிடித். நல்லவள்தான். அவளுக்கு நம் பேச்சு நாலு வார்த்தைதான் தெரியும், பொறுமையாக இருங்கள்.

அடுத்த கடிதத்தில் பெருவிரல் வையுங்கள்.

லூலா

•

ஆகஸ்ட் 31, 1997

லூலாவுக்கு, உன் அப்பன் சொல்ல நின்ஃபா எழுதுவது. கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறோம், யாரும் இல்லை.

அவர்கள் ஏன் சிரித்தார்கள் என்று கேட்டாய். மெரிடித் வந்து எனக்குக் கை கொடுத்தாள். நான் வேண்டாம் என்று பின்னால் இழுத்தேன், அவள் விடவில்லை. என் கைப் பிசின் அவள் கையில் ஒட்டிக்கொண்டது. தொட்டியில் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. மற்றவர்களும் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அதற்குத்தான் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு டீச்சரம்மா, போன தடவை ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். நான் அந்தத் தனி நாற்காலியைச் சொன்னேன். உன் பச்சை உடுப்பை, உன் அம்மாவை, கொழுப்பு டின்னை எல்லாம் சொன்னேன். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், அதுவும் ஒரு தப்புதான். பிறகு கம்பளியைச் சொன்னேன். "அவன் தண்ணிக்குத்தான் போனான். நான்தான் பிடிச்சு நிறுத்தினேன். எம் பேச்சைக் கேட்டதால அவனுக்கு இது வந்துச்சு," என்றேன். அந்தப் போர்ட்டோ ரிக்கோக்காரன் இதைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திச் சொன்னான். என் சொல் இன்னொருவன் வாயில் வேறு பேச்சாகப் போவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது ரொம்பக் கஷ்டம். அன்றைக்கு உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனிமேல் உடனே கழுவச் சொல்வீர்களா என்றார்கள். பயமாக இருக்கிறது என்றேன். சுடுதண்ணீராக இருந்தால்? தெரியவில்லை என்றேன். வேலைச் சூட்டோடு சுடுதண்ணீரில் யாரும் கழுவிப் பார்த்ததில்லை.

ப்ரூயிட் பாய்லரைக் கொண்டுவந்து இறக்கினார். எல்லாருக்கும் முன்னால் என்னிடம், "இப்ப திருப்தியா, நாபோர்? உனக்குத் தங்க இடம் குடுத்தவன் நான்," என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அதனால் நான் தலையைக் குனிந்துகொண்டேன். கேம்ப்புச் சாவியை என்னிடமிருந்து வாங்கி, எங்களோடு இலை ஒடிக்கிற ரோசெந்தோவிடம் கொடுத்துவிட்டார். வீட்டைக் கேட்கவில்லை, இப்போதைக்கு.

முந்தாநாள் பாய்லர் வேலை செய்ய ஆரம்பித்தது. வயலிலிருந்து வந்தோம். வண்டி வந்து நின்றிருந்தது. மெரிடித் குழாயைத் திறந்துவிட்டு, நம் பேச்சில், "வாங்க, வாங்க," என்று கூப்பிட்டாள். ஆவி வந்தது. ஒருத்தனும் நகரவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை வருஷம் அவர்களைக் குழாயிலிருந்து இழுத்து உட்கார வைத்தவன் நான்தானே, நான் இல்லாமல் எப்படிப் போவார்கள்?

நான் முன்னால் போனேன். கையிலிருந்து அனல் பறந்தது. தண்ணீருக்கு ஒரு சாண் முன்னால் என் கை நின்றுவிட்டது. சித்தப்பா ஹிலாரியோவின் விரல்தான் கண்ணுக்குத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ. ஃபிதென்சியோ படியில் உட்கார்ந்திருந்தான், இளைத்துப்போய், கன்னமெல்லாம் ஒட்டி. அங்கிருந்தே கத்தினான்:

"மாமா, கம்பளி எடுத்துட்டு வரட்டுமா?"

கேம்ப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கையை உள்ளே வைத்தேன்.

சூடு. அவ்வளவுதான். விரலை மடக்கி மடக்கிப் பார்த்தேன், மடங்கியது. பின்னாலேயே ரோசெந்தோ வந்தான், அப்புறம் ஒவ்வொருத்தராக. யாரோ தக்காளிக் காய் பறித்துக்கொண்டு வந்தார்கள். நான் முகத்தையும் கழுவிக்கொண்டேன், முகத்தைக் கழுவினால் யாருக்கும் எதுவும் தெரியாது.

வசந்தத்தில் நீ மறுபடி படிக்கும்போது அவர்களுக்கு ஒரு தொழிலாளி வேண்டியிருக்கும். என்னைக் கூப்பிட வேண்டும் என்று இல்லை. கூப்பிட்டால் வருவேன்.

நீ கேட்ட பெருவிரல் கீழே இருக்கிறது. கழுவிய விரல், நின்ஃபாவின் மை. ரேகைக்குள் கொஞ்சம் கறுப்பு மிச்சம் இருக்கும், அது எதற்கும் போகாது. எழுத்தில் படாமல், மூலையில் தள்ளியே வைத்திருக்கிறேன். வெட்ட வேண்டியிருந்தாலும் கடிதம் கெடாது.